முதலில் உங்கள் வேலையைச் சொல்லுங்கள்



தேர்வு முடிவு வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால், நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறான். முதலில் சி படிக்கட்டுமா, பைத்தான் படிக்கட்டுமா?" பெற்றோர் மட்டும் இதைக் கேட்பதில்லை. பணி ஓய்வு பெற்றவர்கள் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தபடி கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் பெண்களும், அச்சகத்தில் டி.டி.பி. பார்க்கும் இளைஞர்களும் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் போட்டு வந்தோம். இந்த மாதம் எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதிலுக்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். போனிலோ கம்ப்யூட்டரிலோ நேராகச் செய்ய வழியில்லாமல், நீங்களே ஏதோ ஒரு மாற்று வழி கண்டுபிடித்துச் சமாளிக்கும் வேலை எது?

எல்லாரிடமும் அப்படி ஒன்று இருக்கும். வாட்ஸ்அப்பில் குரூப் தொடங்கி, சேர்த்தவரை உடனே நீக்கிவிட்டு, தனி ஆளாக அதில் மளிகைப் பட்டியலும் மின் இணைப்பு எண்ணும் போட்டு வைத்தவர்கள் எத்தனையோ பேர். தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதியை அந்த நிறுவனம் 2022-ல்தான் கொடுத்தது. கல்யாணப் போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது என்பதும் இப்படிக் கைமாறிப் பரவிய அறிவுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எக்செல்லில் போடும் ஒற்றை மேற்கோள் குறி. சுய உதவிக் குழுவின் உறுப்பினர் பட்டியலை ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். ஆதார் எண்ணின் 12 இலக்கத்தையும் அடித்து என்டர் தட்டினால், 1.23457 என்று சுருங்கி, பக்கத்தில் ஓர் ஆங்கில 'இ'யும் பிளஸ் 11-ம் வந்து நிற்கும். போன் எண்ணுக்கு முன்னால் போட்ட பூஜ்யம் காணாமல் போகும். 16 இலக்க எண் என்றால் இன்னும் மோசம்: எக்செல் 15 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்ளும், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், பிறகு மீட்கவே முடியாது. அதனால் எண்ணை அடிக்கும் முன்பே ஒரு மேற்கோள் குறியைப் போட வேண்டும். இதை யாரோ ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொல்லித் தந்து, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, இன்று ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது.

விஞ்ஞானிகளும் இந்தத் தொல்லைக்குத் தப்பவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் 'மார்ச் 1', 'செப்ட் 2' என்கிற மாதிரி இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருந்தது. ஆய்வுத் தரவுகளில் பிழைகள் பெருகவே, மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு 2020-ல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதி எக்செல்லில் 2023-ல்தான் வந்தது.

அந்த மேற்கோள் குறியைப் போடும்போது நீங்கள் கம்ப்யூட்டரிடம் என்ன சொல்கிறீர்கள்? "இதைக் கூட்டிக் கழிக்காதே, எழுத்தாக வைத்துக்கொள்" என்கிறீர்கள். புரோகிராமிங் பாடத்தில் எண் வேறு, எழுத்துச் சரம் வேறு என்று சொல்லித் தருவது இதைத்தான். ஒரு மொழியை இன்னொன்றோடு ஒப்பிட விரும்பினால் இங்கிருந்தே தொடங்கலாம். மேற்கோளுக்குள் இருக்கும் 5-ஐயும் வெறும் 3-ஐயும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். பைத்தான் மறுத்துவிடும்: ஒன்று எழுத்து, ஒன்று எண், என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல் என்று பிழைச் செய்தி காட்டும். ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டி 53 என்று தரும். பி.எச்.பி. மேற்கோளைப் பொருட்படுத்தாமல் 8 என்று தரும். சி மொழியில் ஒற்றை மேற்கோளுக்குள் 5 போட்டுக் கூட்டினால் விடை 56. ஏனென்றால் அந்த எழுத்துக்குக் கம்ப்யூட்டர் உள்ளே வைத்திருக்கும் எண் 53.

நான்குமே தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொள்கின்றன. புதிதாகக் கற்பவருக்கு எது நல்லது என்று கேட்டால், தயங்காமல் பைத்தான் என்பேன். சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்திக் கேட்கும் மொழி, தொடக்கத்தில் பெரிய துணை. தவறான விடையைச் சத்தமில்லாமல் தந்துவிட்டுப் போகும் மொழியில், பிழை எங்கே நுழைந்தது என்று தேடியே ஆர்வம் வற்றிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் நடக்கும் ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய இதழ்களின் கோப்புகளில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் இருக்கிறது. திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவை மாற்றிப் பார்த்தால் 'கொ' இருக்க வேண்டிய இடத்தில் என், எஃப், எச் என்ற மூன்று எழுத்துகள் வரிசையாக நிற்கும். என் என்பது ஒற்றைக்கொம்பு, எஃப் என்பது க, எச் என்பது துணைக்கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்த காலம் அது. இன்று பரவலாக உள்ள யூனிகோடு முறையில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. கொம்பு முன்னால் தெரிந்தாலும் கோப்பில் அது பின்னால்தான் இருக்கும்.

பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற எங்கள் பக்க வடிவமைப்பாளர் வைத்திருந்த மாற்று வழி, வேர்டில் இருக்கும் 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்'. அதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கொ, கோ, கௌ மூன்றையும் முதலில் மாற்ற வேண்டும். கெ, கே, கை அதற்குப் பிறகு. ஏன் இந்த வரிசை? கெ-வை முதலில் மாற்றிவிட்டால், கொ-வின் துணைக்கால் தனியே விடுபட்டு நிற்கும். பிறகு அந்தக் கால் யூனிகோடுக்கு மாறும்போது கொம்பும் காலும் சேர்ந்து பார்வைக்கு அச்சு அசல் 'கொ' போலவே தெரியும். ஆனால் உள்ளே ஒரு குறி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருக்கும். 'கொடி' என்று தேடினால் பல மென்பொருள்களில் அகப்படாது.

அதைவிடச் சிக்கலானது 'வெள்ளம்'. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. கௌரவத்தைச் சரியாக மாற்றும் விதி, வெள்ளத்தையும் வெளியீட்டையும் கெடுத்துவிடும். இணையத்தில் பழைய கட்டுரைகள் சிலவற்றில் வெ-வும் ள-வும் ஒட்டிக்கொண்டு, புள்ளியோ இகரக் குறியோ ஒரு வட்டத்தின் மேல் அனாதையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இப்படி நேர்ந்ததுதான். நோட்டில் இதற்கும் ஒரு குறிப்பு இருந்தது: "அடுத்து புள்ளியோ இகரக் குறியோ வந்தால் அது ள."

இந்த நோட்டைப் படித்தபோது, முழு புரோகிராமும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. 18 மெய்களுக்கும் ஆறு உயிர்க்குறிகள், ஆக 108 மாற்றங்கள். கையால் ஒவ்வொரு கட்டுரைக்கும் அத்தனை முறை. புரோகிராமில் இது, திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி. "அடுத்து புள்ளி வந்தால்" என்பது நிபந்தனை. நீளமானதை முதலில் மாற்று என்பது, இந்த மாதிரி வேலைகளில் அனுபவசாலிகளும் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. பள்ளியில் கம்ப்யூட்டர் படிக்காத ஒருவர், தன் வேலையின் நெருக்கடியிலேயே இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறார். அவருக்கு மிச்சமிருந்தது, அதை எந்த மொழியில் சொல்வது என்பது மட்டும்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. பைத்தானில் 'ரீப்ளேஸ்' என்றால் கோப்பு முழுவதும் மாறிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அதே சொல்லைப் போட்டால் முதலில் வரும் ஓர் இடம் மட்டும் மாறும். எல்லாம் மாற வேண்டும் என்றால் 'ரீப்ளேஸ்ஆல்' என்று கேட்க வேண்டும், அது அந்த மொழியின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. சி மொழியில் இப்படி மாற்றித் தரும் ஆயத்தக் கருவியே இல்லை. புதிய வரிக்கு எவ்வளவு நினைவிடம் தேவை என்று கணக்கிட்டு, அதை நாமே ஒதுக்கி, எழுத்து எழுத்தாகப் படியெடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் உள்ளே எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் அந்தச் சிரமம் நல்லதே. பழைய இதழ் அடுத்த வாரத்துக்குள் வேண்டுமானால் அல்ல.

குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவர்களுக்கு இன்னொரு சோதனை. 'தமிழ்' என்ற சொல்லுக்கு எத்தனை கட்டம்? மூன்று என்று குழந்தை சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் ஜாவாவும் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 'கோ' என்ற இன்னொரு புரோகிராமிங் மொழியில் நீளம் கேட்டால் 15; யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் ஆவதால், அது பைட்டுகளை எண்ணித் தருகிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்விஃப்ட் மொழி 3 என்று சரியாகச் சொல்லும். தமிழுக்காக நம்மவர்கள் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' நிரல் தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால் பைத்தானும் 3 என்று சொல்லிவிடும். அந்தத் தொகுப்பில் முக்கியப் பங்காற்றியவர் முத்து அண்ணாமலை. தமிழிலேயே நிரல் எழுதும் 'எழில்' மொழியும் அவர் உருவாக்கியதுதான். 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சாகும். ஆங்கிலம் பார்த்து மிரளும் குழந்தைக்கு முதல் சில நாட்கள் எழிலில் சொல்லித் தரலாம் என்பது என் எண்ணம். சுழற்சியும் நிபந்தனையும் பிடிபட்டபின் பைத்தானுக்கு மாறுவது எளிது.

மொழிகளும் இப்படி யாரோ ஒருவரின் தேவையிலோ விருப்பத்திலோ பிறந்தவைதான். தன் சொந்த இணையப் பக்கத்தைப் பராமரிக்க ராஸ்மஸ் லெர்டார்ஃப் செய்துகொண்ட சிறு கருவிகள்தான் 1995-ல் பி.எச்.பி. என்று வெளிவந்தன. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் உலாவிக்காக ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். கைடோ வான் ராசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கியது பைத்தான். யூனிக்ஸை எழுத ஏற்ற மொழி வேண்டும் என்று டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் செய்தது சி. ஒரு மொழி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அதன் சுபாவம் பாதி புரிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸும் பிளஸ் டூவில் பைத்தானும் படிக்கிறார்கள். கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட், பிறகு பி.எச்.பி. ஆகவே எந்த மொழி முதலில் என்று தூக்கம் கெட வேண்டாம். எப்படியும் இரண்டைப் பார்த்துவிடுவார்கள். வீட்டில் நீங்கள் கையால் செய்யும் ஒரு வேலையை, சீட்டுக் கணக்கோ பால் கணக்கோ, அவர்களிடம் கொடுத்து "இதைச் செய்து தா" என்று கேளுங்கள். தேர்வுக்காகப் படித்தது அப்போதுதான் கையில் நிற்கும்.

தனியாகக் கற்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். உங்களுக்கு மட்டும் பயன்படுகிற வேலை என்றால் பைத்தான். கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு போன்ற செயலியில் எழுதி ஓட்டலாம். செய்ததை நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் எதையும் நிறுவாமல் திறக்க வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். ஒரே ஒரு பக்கமாக எழுதி அனுப்பினால் யாருடைய உலாவியிலும் வேலை செய்யும். எக்செல்லிலேயே உங்கள் வேலை முடிந்துவிடுகிறது என்றால் அதன் சூத்திரங்களை இன்னும் ஆழமாகப் படியுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

"ஏ.ஐ.யிடம் கேட்டால் நிமிடத்தில் எழுதித் தருகிறதே, எதற்குப் படிக்க வேண்டும்?" என்றும் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதை எந்தச் சொற்களைக் கொண்டு சோதிப்பீர்கள்? எழுத்துரு மாற்றும் நிரல் என்றால் கொடி, கௌரவம், வெள்ளம், வெளியீடு என்று நான்கைக் கொடுத்துப் பார்க்க, எங்கள் வடிவமைப்பாளருக்குத் தெரியும். அவருடைய நோட்டைப் பார்க்காதவருக்கு அது தோன்றாது. சுழற்சியும் நிபந்தனையும் புரியும் அளவுக்காவது படித்திருந்தால், தவறு எந்த வரியில் இருக்கிறது என்று கை வைத்துத் திருத்தவும் முடியும்.

அடுத்த சில இதழ்களில் ஒரு பக்கத்தை இதற்காக ஒதுக்குகிறோம். நீங்கள் செய்துவரும் மாற்று வழி ஒன்றை எழுதி அனுப்புங்கள். முதலில் எதைத் தொடுகிறீர்கள், அடுத்து என்ன, எந்த இடத்தில் வழக்கமாகப் பிசகுகிறது என்று வரிசையாகச் சொன்னால் போதும்; கம்ப்யூட்டர் வார்த்தை ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம், அஞ்சலட்டையிலும் எழுதலாம். தேர்ந்தெடுப்பவற்றைப் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வரிக்கு வரி விளக்கத்தோடு வெளியிடுவோம். கணக்குப் பட்டியல் அனுப்புபவர்கள் அதில் உள்ள பெயர், ஆதார் எண், வங்கி எண் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, இட்டுக்கட்டிய எண்களைப் போட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்