தண்ணீர் மணியும் கழிவறைத் தாழ்ப்பாளும்

காலை 11 மணிக்கு அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் தண்ணீர் மணி அடித்தபோது ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். பையன்கள் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டார்கள். பாதி வாய்க்குள், பாதி சட்டையில். பெண்கள் பக்கம் பாட்டில் திறந்தது, உதடு நனைந்தது, மூடி திருகப்பட்டது. கடைசி பெஞ்சு மாணவியிடம் கேட்டேன். “வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவேன் சார்” என்றாள். பள்ளி விட இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. வகுப்பாசிரியை பிறகு விளக்கினார். பெண்கள் கழிவறையில் மூன்று கதவு, ஒன்றில்தான் தாழ்ப்பாள். மற்ற இரண்டில் போகிறவள் கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு தோழியையும் கூட்டிப்போக வேண்டும். அதற்குத் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடலாம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் இந்தத் தண்ணீர் மணி 2019-ல் கேரளப் பள்ளிகளில் பரவியது, 2025-ல் தமிழகப் பள்ளிகளுக்கும் வந்தது. செலவில்லாத, நல்ல யோசனை. மணி அடிக்க ஒரு உத்தரவு போதும். குடித்த தண்ணீர் வெளியேற வழி செய்ய உத்தரவு போதாது.

பள்ளிகளில் நலவாழ்வைப் பற்றிப் பேசும்போது ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லிலேயே நாம் நின்றுவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனம் 1995-லேயே ‘நலம் வளர்க்கும் பள்ளி’ என்ற கருத்தை முன்வைத்தது; 2021-ல் யுனெஸ்கோவுடன் சேர்ந்து எட்டு தர அளவுகளையும் வெளியிட்டது. இவற்றை மறுக்கும் தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு திட்டம் பள்ளிக்குள் வேர்விடுகிறது, இன்னொன்று பதிவேட்டோடு முடிகிறது. ஆசிரியரின் அக்கறையின்மை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நான் பார்த்தவரை, அந்த வேலைக்கென்று ஒரு ஆள் இருக்கிறாரா என்பதே பெரும்பாலும் முடிவுசெய்கிறது.

சாப்பாட்டையே பாருங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டம் இத்தனை ஆட்சி மாற்றங்களையும் தாண்டி நிற்கிறதென்றால், ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டதும் ஒரு முக்கியக் காரணம். ஆசிரியர் அடுப்பை ஊத வேண்டியதில்லை. காலை உணவுத் திட்டமும் அதே வழியில்தான் போனது. 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் 31,008 அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. கிராமங்களில் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். முதல் மணி அடிப்பதற்குள் குழந்தைகள் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். பாடவேளை எதுவும் பறிபோகவில்லை.

இரும்புச்சத்து மாத்திரைக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை வாரம் ஒன்று, தமிழகத்தில் வியாழக்கிழமை. நீல நிற மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக, தேவையைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. சாப்பாட்டு இடைவேளை முடிந்து பிள்ளைகள் உள்ளே வரும் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். ஐம்பது பிள்ளைகள், ஒரு ஆசிரியர், கையில் மாத்திரை அட்டை, மேசையில் பதிவேடு. மதியம் சாப்பிடாத பிள்ளைக்கு மாத்திரை குமட்டும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகும். அது இயல்புதான் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா பயந்துபோய் ‘இனிமே வாங்காதே’ என்பார். நாக்குக்கடியில் வைத்திருந்து ஜன்னல் வழியே துப்புகிற கெட்டிக்காரர்கள் தனி. அப்படி ஒரு வகுப்பின் ஜன்னலுக்கு வெளியே, மழை பெய்த மறுநாள், நீலக் கறை படிந்த மண்ணை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து வகுப்பில் கறை இல்லை. அங்கே ஆசிரியை முதலில் தான் ஒன்றை விழுங்கிக் காட்டுவாராம். ஒரே கட்டடம், ஒரே மாத்திரை, ஒரே வியாழக்கிழமை. பத்து நிமிடத்தை அவர் எங்கிருந்தோ பிடுங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

2020-ல் மத்திய அரசு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை ‘நலவாழ்வுத் தூதர்’ ஆக்கும் திட்டம் கொண்டுவந்தது. 11 தலைப்புகள் பேச வேண்டும். அந்தப் பொறுப்பு பல இடங்களில் யாருக்குப் போகிறது? மாட்டேன் என்று சொல்ல முடியாத இளையவருக்கு. அவர்தான் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுகிறவர், தேர்தல் வேலைக்கும் போகிறவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். பிள்ளைகளின் பல் சொத்தையானால் யாரும் கேட்பதில்லை.

தனியார் பள்ளியின் கணக்கு வேறு. அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை, பெற்றோரைப் பார்த்துத்தான் பயம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் வந்தபோது வாட்ஸ்அப் வதந்தி ஊசியை முந்திக்கொண்டது. பல தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் கேட்டு ஒதுங்கிக்கொண்டன. இலக்கை எட்ட முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஒப்புதல் கேட்பதில் தவறில்லை. வெறும் தாளை அனுப்பிவிட்டு, ஒரு மருத்துவரை அழைத்துப் பெற்றோரோடு உட்காரவைக்காததுதான் தவறு. வருமானம் இடிக்கிற இடத்தில் தயக்கம் இன்னும் அப்பட்டம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டது. கேன்டீனைக் குத்தகைக்கு விட்ட பள்ளி பப்ஸை எப்படித் துரத்தும்?

ஊரும் இதில் ஒரு தரப்பு. 2023 செப்டம்பரில் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில், சமைப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்பதற்காகப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடவில்லை. கரூரில் ஆட்சியரே நேரில் போய்ச் சாப்பிட வேண்டியிருந்தது. எந்தச் சுகாதாரக் கையேட்டின் எந்தத் தலைப்பில் இதைச் சேர்ப்பது?

மறுபடி தாழ்ப்பாளுக்கு வருகிறேன். ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் பள்ளிக்கு வரும் மானியத்தில் 10 சதவீதம் தூய்மைக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். தலைமையாசிரியரைக் கேட்டால், பணம் இன்னும் வரவில்லை என்கிறார். 2024-25-க்குத் தமிழகத்துக்குரிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காட்டி டெல்லி நிறுத்திவைத்த சண்டை நமக்குத் தலைப்புச் செய்தி. பள்ளிக்கு அது பினாயில், துடைப்பம், ஒரு தாழ்ப்பாள். கழிவறை கழுவ வரும் அம்மாவுக்கு ஊராட்சி வழியாக வரும் சொற்ப மதிப்பூதியமும் மாதக்கணக்கில் நிலுவை. பெற்றோர் அதிகமாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் கழிவறைதான் முதல் பேச்சாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரியும் மாத்திரைப் பதிவேட்டைப் புரட்டுவதற்கு முன் அந்தக் கதவை ஒருமுறை தள்ளிப் பார்க்கலாம்.

கிளம்பும்போது அந்த வகுப்பாசிரியை கேட் வரை வந்தார். “தாழ்ப்பாள் நானே வாங்கிட்டு வந்துடுவேன் சார். ரெண்டும் சேர்த்து எரநூறு ரூபா ஆகுமா? அதை மாட்டுறதுக்குத்தான் ஆள் கிடைக்கலை.”