பேய் கதைக்குள் இருக்கட்டும்

1985-ல் ஞாயிறு மாலைகளில் தூர்தர்ஷனில் ஒரு வேதாளம் வரும். ராமானந்த் சாகர் தயாரித்த ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடரில் விக்கிரமாதித்தனாக அருண் கோவில், வேதாளமாக மூத்த நடிகர் சஜ்ஜன். நரைத்த நீள முடி, வெளுத்த முகம், ராஜாவின் முதுகில் ஏறிக்கொண்டு ஓர் எகத்தாளச் சிரிப்பு. அந்த அருண் கோவில் இரண்டே ஆண்டில் சாகரின் ‘ராமாயண’த்தில் ராமராகி, 2024-ல் மீரட் தொகுதியின் எம்.பி.யாகவும் தில்லிக்கு வந்து சேர்ந்துவிட்டார். வேதாளத்தைத்தான் காணோம். வாராவாரம் ஒரு கதை, ஒவ்வொன்றும் நம் இலக்கியத்திலிருந்து எடுத்தது, ஒவ்வொன்றிலும் ஓர் ஆவியோ பேயோ என்ற அந்த மரபைத் தூர்தர்ஷன் மறுபடி கையில் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். வரிப்பணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம், அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்லும் நாட்டில், பேயை வளர்க்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் பேய் எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

தில்லியே இதற்குச் சாட்சி. 2001 மே மாதம், மின்வெட்டில் புழுங்கி மக்கள் மொட்டை மாடிகளில் படுத்துக் கிடந்த நாட்களில், காஜியாபாத் பக்கமிருந்து கிளம்பிய ‘குரங்கு மனிதன்’ வதந்தி கிழக்கு தில்லியைப் பிடித்து ஆட்டியது. அது நாலடி உயரம் என்றார் ஒருவர், தலைக்கவசம் போட்டிருக்கிறது என்றார் இன்னொருவர், இரும்பு நகம், ஒரே தாவலில் அடுத்த மாடி என்றார்கள் மற்றவர்கள். நூற்றுக்கணக்கான புகார்கள் வந்தன. காவல் துறை உத்தேசப் படம் வரைந்து வெளியிட்டு, பிடித்துக் கொடுப்பவருக்கு 50,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. ‘வந்துவிட்டது’ என்ற கூச்சலில் மாடியிலிருந்து விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு. கடைசியில் ஷாதராவிலுள்ள இஹ்பாஸ் மனநல நிறுவனத்தாரும் தடயவியல் துறையினரும் ஆராய்ந்து, அப்படியொரு பிராணியே இல்லை என்றார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்த மிரட்சிக்குத் தூபம் போட்டது எந்தக் கதைத் தொடரும் அல்ல. ‘நேற்றிரவு இந்தத் தெருவில்’ என்று முகவரியோடு சொன்ன பத்திரிகைகளும், அப்போதுதான் முளைத்திருந்த 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகளும்தான். அடுத்த பத்தாண்டில் இந்திச் செய்தி அலைவரிசைகளில் பாழடைந்த பங்களாக்களும் மறுபிறவிகளும் பழிவாங்கும் நாகங்களும் ‘பிரேக்கிங்’ பட்டையோடு வந்தது ஊரறிந்த சங்கதி. கேபிள் தொலைக்காட்சி விதிகளில், மூடநம்பிக்கையைத் தூண்டும் நிகழ்ச்சி கூடாது என்று 1994-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விதி இருந்தது, பேயும் ஓடிக்கொண்டிருந்தது.

இதே பாடத்தை பிபிசி ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு விதமாகக் கற்றது. 1971-லிருந்து 1978 வரை, கிறிஸ்துமஸ் வேளையில் அது ஆண்டுக்கொரு பேய்க்கதையைப் படமாக்கி ஒளிபரப்பியது. பெரும்பாலும் எம். ஆர். ஜேம்ஸ் எழுதிய கதைகள். 1976-ல் டிக்கன்ஸின் ‘தி சிக்னல்மேன்’. மக்கள் பயந்தார்கள், ரசித்தார்கள், படுக்கப் போனார்கள். பொதுப் பணத்தில் மூடநம்பிக்கை வளர்க்கிறீர்கள் என்று யாரும் கொடி பிடிக்கவில்லை. பிறகு 1992 அக்டோபர் 31 இரவு அதே பிபிசி ‘கோஸ்ட்வாட்ச்’ என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. நிஜத் தொகுப்பாளர்கள், நேரலை போன்ற தோற்றம், பேய் நடமாடும் ஒரு சாதாரண வீடு. எழுதி, நடித்து, முன்கூட்டியே பதிவு செய்த கற்பனைதான் அது. என்றாலும் பல்லாயிரம் பேர் அதை நேரலை என்றே நம்பினார்கள். தொலைபேசிகள் ஓயவில்லை, பின்னர் ஒளிபரப்புத் தரக் கண்காணிப்பு அமைப்பு கண்டனம் தெரிவித்தது, பிபிசி அதை மறுஒளிபரப்பு செய்யவே இல்லை. பேய் இரண்டிலும் இருந்தது. ஒன்றில் ‘இது கதை’ என்ற ஒப்பந்தம் பார்ப்பவரோடு இருந்தது, மற்றதில் இல்லை.

அந்த ஒப்பந்தத்தைச் செய்துகொள்வதில் நம்மவர்கள் பிபிசிக்குப் பல நூற்றாண்டு மூத்தவர்கள். 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் ‘கதாசரித்சாகர’த்தில் கோத்துவைத்த வேதாளக் கதைகளின் கட்டுமானத்தைப் பாருங்கள். நள்ளிரவுச் சுடுகாடு, தொங்கும் பிணம், அதற்குள் வேதாளம் என்று எல்லா உருப்படிகளும் சரியாக இருக்கின்றன. ஆனால் அந்த வேதாளம் யாரையும் கடிப்பதில்லை, தன்னைப் பேசாமல் சுமந்துபோக வேண்டிய ராஜாவிடம் கேள்விதான் கேட்கிறது. ஒரு கதையில் கணவனும் உடன்வந்தவனும் கோயிலில் தலையை வெட்டிக்கொள்ள, தேவி வரம் தர, பதற்றத்தில் மனைவி தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது இவள் கணவன் யார்? உடம்பா, தலையா? பதில் தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் ராஜாவின் தலை சிதறும். திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்குப் போய்விடும். இந்த ஒரு கதையிலிருந்து தாமஸ் மான் ஒரு குறுநாவல் எழுதினார், கிரிஷ் கர்னாட் ‘ஹயவதனா’ நாடகம் எழுதினார். பேய்க்கதை என்ற பெயரில் நடப்பது நீதி விசாரணை. பயம் உட்கார வைக்கிறது, அதற்குப் பிறகு மூளைக்கு வேலை வருகிறது. கடைசிக் கதையின் உறவுச் சிக்கலுக்கு ராஜாவுக்கு விடை தெரியாமல் போகிறது. அந்த அறியாமையை ஒப்புக்கொள்ளும் மௌனம்தான் அவனைக் காப்பாற்றுகிறது. இதை மூடநம்பிக்கை என்பவர் கதையைக் கேட்காமல் சுடுகாட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

இதையெல்லாம் வெறும் பழம்பெருமை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. 1985-ல் வேறு அலைவரிசை ஏது, எதைப் போட்டாலும் பார்த்தார்கள் என்பார்கள். பாதி உண்மை. சாகரின் தொடரில் தந்திரக் காட்சிகள் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பு மூட்டும், அரங்க அமைப்பு நாடகக் கொட்டகையை நினைவூட்டும். ஆனால் அடுத்து வந்தவற்றோடு வைத்துப் பாருங்கள். 1993-ல் ராம்சே சகோதரர்களின் ‘ஜீ ஹாரர் ஷோ’, 1995-ல் சோனியில் ‘ஆஹட்’ என்று தனியார் அலைவரிசைகள் பேயைக் குத்தகைக்கு எடுத்தபோது ஒப்பனைக்குக் காசு கூடியது, கதைக்குக் குறைந்தது. கதவு கிறீச்சிடும், பூனை பாயும், முகம் திரும்பும், விளம்பர இடைவேளை. இலக்கியத்தோடு இருந்த தொடுப்பு அறுந்ததுதான் பெரிய இழப்பு. தமிழில் விதிவிலக்காக, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ வந்தது. அதில் ‘விடாது கருப்பு’ காவல் தெய்வத்தின் குதிரைக் குளம்படியையும் ஆளுமைப் பிளவு நோயையும் அருகருகே வைத்து, எது என்று பார்ப்பவரையே தவிக்கவிட்டது. அந்தத் தவிப்பு அறிவியல் மனப்பான்மைக்கு எதிரி என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தேகப்படப் பழக்குகிற வேலைதான் அது.

சந்தையே பார்த்துக்கொள்ளாதா என்பது இன்னும் கனமான கேள்வி. ‘தும்பாட்’, ‘ஸ்த்ரீ 2’ போன்ற படங்கள் பேய்க்கு இருக்கும் கிராக்கியைக் காட்டிவிட்டன. தில்லி சுற்றுலாத் துறையே 2023-ல் மால்ச்சா மஹாலில் ‘பேய் உலா’ தொடங்கிவிட்டது. ஆனால் சந்தை கேட்பது நட்சத்திரம், இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம். புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யில் இரண்டாம் பாகத்துக்கு இடமில்லை. ஓர் எழுத்தாளன், அவன் மனைவி, வாசலுக்கு வந்து வேலைக்காரியாகத் தங்கிவிடும் ஒரு பிச்சைக்காரி, நடுராத்திரியில் எங்கிருந்தோ வரும் பிண வாடை, முடிவில் தீராத ஒரு சந்தேகம், அவ்வளவுதான். ஒரு வீடும் மூன்று நல்ல நடிகர்களும் போதும், முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். எந்தப் பெரிய நிறுவனமும் இதில் கை வைக்காது. உரிமைக்கும் செலவில்லை: புதுமைப்பித்தனின் எழுத்துகள் 2002-ல் நாட்டுடைமையாகிவிட்டன. தாகூரின் காப்புரிமை அதற்கு முந்தைய ஆண்டோடு முடிந்தது, ஆகவே ‘பசித்த கற்கள்’, ‘மணிஹாரா’ இரண்டும் எடுத்தாளக் கிடக்கின்றன. புதுமணப்பெண்ணின் மேல் காதல்கொண்டு, ஊரில் இல்லாத கணவனின் உருவில் வந்து நிற்கும் பேயை ராஜஸ்தானியில் விஜய்தான் தேத்தா எழுதியிருக்கிறார். மலையாளத்தில் பஷீரின் ‘நீலவெளிச்சம்’ இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உரியவர்களிடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்கலாம். 1986-ல் ‘கதா சாகர்’ தொடருக்காக ஷியாம் பெனகல் போன்றவர்களை உலகச் சிறுகதைகளைப் படமாக்க வைத்த நிறுவனத்துக்கு இது புதுவேலையும் அல்ல.

பழைய கதைகளில் பெண்கள் படும் பாடு பற்றிய ஆட்சேபம் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. வேதாளக் கதைகளில் பல, மனைவியைப் பொருளாகவே கைமாற்றுகின்றன. பேய் என்றாலே அது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் நம் சினிமா பிடித்த பழக்கம். அதனால்தான் தேர்வு முக்கியம். தேத்தாவின் கதையில் பயப்பட வேண்டியது பேய்க்கு அல்ல, கல்யாணமான மறுநாளே கணக்குப் புத்தகத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பும் கணவனுக்கும் அவனை அனுப்பும் அப்பனுக்கும். அந்தக் கதையை 1973-ல் மணி கௌல் ‘துவிதா’வாக எடுத்ததே அது பேயைத் தாண்டி எங்கெல்லாம் போகும் என்பதற்கு அத்தாட்சி.

இதில் தூர்தர்ஷனின் தலைமையிடமான மண்டி ஹவுஸ் செய்யக்கூடிய ஒரே பெரிய தவறு, எல்லாக் கதைகளையும் இந்தியில் எடுப்பது. ‘காஞ்சனை’ திருநெல்வேலிக்காரரின் தமிழில் பயமுறுத்தும்; ‘நீலவெளிச்ச’த்தின் அடியிலிருக்கும் பஷீரின் நக்கல் மலையாளத்தில்தான் நிற்கும். அந்தந்த மொழியில், அந்தந்த ஊர் இயக்குநரை வைத்து எடுத்து, அடியில் வசன வரிகள் போட்டால் போதும். எண்பதுகளில் ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குத் தூர்தர்ஷன் விருது வாங்கிய மாநில மொழிப் படங்களை அப்படித்தான் போட்டது. கரோல் பாக்கில் வங்காளப் படத்தையும் கல்கத்தாவில் தமிழ்ப் படத்தையும் வசன வரிகளோடு பார்த்த ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. 2024 நவம்பரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தொடங்கிய ‘வேவ்ஸ்’ ஓடிடி தளத்தில் நேர நெருக்கடியும் கிடையாது. முதல் பருவத்துக்குப் பதின்மூன்று கதைகள் போதும்.