கையடுக்கின் பெருமை

"ஃபார்மேட்டரை ஓட்டினால், கையால் அடுக்கிய போர்ட் பட்டியல் பாழ்" என்கிறார் வெரிலாக் எழுதும் நண்பர். எந்தக் கருவியைச் சொல்கிறாரோ! வெரிபிள் ஃபார்மேட்டரிடம் நெடுவரிசையாக அடுக்கவும் சொல்லலாம், இருப்பதை அப்படியே விடவும் சொல்லலாம். கேஸ் அட்டவணையைத் தொடக் கூடாதா? மேலே நிறுத்தச் சொல்லி ஒரு கமெண்ட், கீழே தொடரச் சொல்லி ஒரு கமெண்ட் போதும்.

கையடுக்கின் லட்சணம் தெரியாததா? நீளமான பெயரில் ஒரு சிக்னல் நுழைந்தால் பட்டியல் முழுக்க ஸ்பேஸ் தட்ட வேண்டும். 7:0 என்பது 8:0 ஆனது அந்தக் களேபரத்தில் ரிவ்யூ செய்பவர் கண்ணில் படாது. கருவியிடம் இடப்பக்கம் ஒட்டியே எழுதச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபார்மேட் செய்தால் கிட் பிளேமும் கெடுமாம். ஃபார்மேட் செய்த கமிட்டை ஒதுக்கிப் பார்க்கும் வசதி 2019-இலேயே வந்தாயிற்று.

கருவி நிஜமாகவே திணறுவது, முடியாத வாக்கியத்தின் நடுவே இஃப்டெஃப் புகும்போதுதான். அதைப் பற்றி நண்பர் மூச்சே விடவில்லை.