ஏழை மாணவருக்கு எதற்கு மானிடவியல்?

2011ஆம் ஆண்டு அக்டோபரில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஃபுளோரிடா மாநில ஆளுநராக இருந்த ரிக் ஸ்காட், தம் மாநிலத்திற்கு இன்னும் பல மானிடவியலாளர்கள் தேவையில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். வரிப்பணம் வேலை தரும் அறிவியல், பொறியியல் படிப்புகளுக்கே செல்லவேண்டும் என்பது அவரது வாதம். அவருடைய மகளே மானிடவியல் பட்டதாரி என்ற செய்தி பின்னர் வெளிவந்தபோது பலரும் சிரித்தனர். ஆனால், சிரித்துவிட்டு மறக்கக்கூடிய செய்தியன்று அது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எதையும் படிக்கலாம், அரசுப் பணத்தில் படிக்கும் பிள்ளை மட்டும் பிழைப்புக்கு உதவுவதைப் படித்தால் போதும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

இந்த எண்ணம் முதலில் வந்து மோதும் இடம் சமுதாயக் கல்லூரி. 1901ஆம் ஆண்டு இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய இக்கல்லூரிகள், இன்று கலிபோர்னியாவில் மட்டும் 116 உள்ளன. அம்மாநிலத்தவர் ஓர் அலகுக்கு 46 டாலர் செலுத்துகின்றனர். மூன்று அலகு கொண்ட பண்பாட்டு மானிடவியல் பாடத்தை 138 டாலரில் படித்துவிடலாம். பகலில் உணவகத்தில் வேலை செய்பவர், குழந்தையை உறங்கவைத்துவிட்டு வரும் தாய், செவிலியராக விரும்பும் குடியேற்றத்தாரின் மகள் போன்றோர் அந்த வகுப்பில் அருகருகே அமர்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் மானிடவியலாளர் ஆகப்போவதில்லை. பலருக்கு அதுவே அத்துறையில் முதல் பாடமும் கடைசிப் பாடமும்.

அங்கே தரப்படும் வேலைகள் எளியவை. வீட்டு மூத்தவரிடம் கேட்டு உறவுமுறை வரைபடம் வரையவேண்டும். அல்லது தாம் வேலை செய்யும் இடத்தை ஒரு மணி நேரம் கவனித்து எழுதவேண்டும். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யார் அமர்கிறார், யார் நின்றுகொண்டே இருக்கிறார் என்று எழுதத் தொடங்கும்போது, நாள்தோறும் பார்த்த இடமே புதிதாகத் தெரிகிறது. நாளை நோயாளியின் படுக்கையருகே நிற்கப்போகும் செவிலியருக்கு இது வீண் பாடமா?

பிழைப்பு என்று பார்த்தாலும் ஆளுநரின் கணக்கு முழுமையானதல்ல. 1966ஆம் ஆண்டின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, நடுவண் அரசின் பணமோ அனுமதியோ பெறும் சாலை, அணை போன்ற திட்டங்களால் தொன்மைச் சின்னங்களுக்கு ஏற்படும் பாதிப்பை முன்கூட்டியே ஆராயவேண்டும். அகழாய்வில் மண்ணைச் சலிப்பவர் முதல் அறிக்கை எழுதுபவர் வரை இதனால் வேலை பெறுகின்றனர்.

பழங்குடியினரின் நிலை தனித்துச் சொல்லத்தக்கது. நவாஹோ மக்களைப் பற்றி வெளியார் பல ஆண்டுகளாக நூல்கள் எழுதிவந்தனர். 1968இல் அம்மக்களே அரிசோனாவில் தங்களுக்கென ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கினர். இன்று அது தினே கல்லூரி எனப்படுகிறது. இதுவரை பிறரால் ஆராயப்பட்டவர் தம் கதையைத் தாமே எழுத, இத்தகைய கல்லூரிகளே பலருக்கு முதல் படி.

நெருக்கடி இப்போது வேறு வடிவத்திலும் வருகிறது. 2024 ஜனவரியில் ஃபுளோரிடாவின் 28 அரசுக் கல்லூரிகளுக்கான அடிப்படைப் பாடப் பட்டியலிலிருந்து சமூகவியல் அறிமுகப் பாடம் நீக்கப்பட்டு, அமெரிக்க வரலாற்றுப் பாடம் சேர்க்கப்பட்டது. வரலாறு வேண்டியதே. ஆனால் பட்டியலிலிருந்து ஒரு பாடம் விழுந்தால் மாணவர் எண்ணிக்கை குறையும். பிறகு, ஆளில்லை என்று சொல்லியே வகுப்பை மூடிவிடலாம். சமூகவியலுக்கு வந்தது மானிடவியலுக்கு வராது என்று யார் உறுதி சொல்வது?

மறுபுறம், சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. பாடநூலின் விலையே கல்விக் கட்டணத்தை எட்டிவிடும் நிலையில், அவர்களுடைய மானிடவியல் சங்கம் 2017இல் ஒரு பாடநூலை இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. இவ்வாசிரியர்களுள் பலர் நிரந்தரப் பணி இல்லாதவர்கள். இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடி ஓடிப் பாடம் நடத்துபவர்கள்.

இந்தக் கல்லூரி முறை நமக்கும் அந்நியமன்று. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னை சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. பள்ளியில் இடைநின்றோருக்குத் தொழில் திறனோடு வாழ்வியல் திறனும் கற்பிப்பதே நம் நாட்டுச் சமுதாயக் கல்லூரிகளின் வழி. அந்த வாழ்வியல் வகுப்பில், தன் தெருவில் யார் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பதை ஒரு மணி நேரம் கவனித்து எழுதிவரும்படி ஓர் ஆசிரியர் சொன்னால், மாணவர் எழுதிவருவதைப் படித்துப் பார்க்க நாம் ஆயத்தமா?