வாய்க்கு முன்னே செவி

தாமிரபரணிக் கரையில் ஒன்றுக்கொன்று சில கல் தொலைவில் அமைந்தவை ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும். நவதிருப்பதிகளுள் இடம்பெற்ற இவ்விரண்டு ஊர்களுக்கும் பேசாத பிள்ளை ஒருவரின் வரலாறு உண்டு.

17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மைக்கும் பிறந்தவர் குமரகுருபரர். ஐந்து வயது வரை அவர் வாய் பேசவில்லை. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் தவம் கிடந்தனர். செந்திலாண்டவன் அருளால் வாய் திறந்த பிள்ளை ‘கந்தர் கலிவெண்பா’ பாடியது என்பது வரலாறு. பிள்ளை பேசவில்லையே என்று கலங்கும் வீடுகளுக்கு இந்த வரலாறு எத்தனையோ தலைமுறைகளாக ஆறுதல் அளித்து வந்திருக்கிறது.

ஆனால் அந்த ஆறுதலே சில வீடுகளில் தடையாகவும் ஆகிவிடுகிறது. மூன்று வயதுப் பேரன் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை; மருத்துவரிடம் காட்டலாம் என்று மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள். “குமரகுருபரருக்கே ஐந்து வயது ஆயிற்றே! இவனுக்கு மூன்றுதானே? இவன் அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்” என்று பெரியவர் சொல்லிவிடுகிறார். அன்பினால் பிறந்த சொல்தான் அது. எனினும் அந்தச் சொல்லை மீறி அவளால் வாசற்படி தாண்ட முடிவதில்லை. ஓர் ஆண்டு கழிகிறது. மற்றோர் ஆண்டும் கழிகிறது.

வரலாற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால், அது காத்திருக்கச் சொல்லவில்லை என்பது விளங்கும். கவிராயரும் அம்மையும் ‘தானாகப் பேசுவான்’ என்று திண்ணையில் அமர்ந்திருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். மற்றொன்றும் எண்ணத்தக்கது. அது கவிராயர் வீடு. அங்கே தமிழ் ஒலிக்காத நாள் இருந்திருக்குமா? பிள்ளை வாய் திறந்தது ஒரு நாளில். செவி வழியாகத் தமிழை வாங்கிக்கொண்டதோ ஐந்து ஆண்டுகள். வரவு இருந்தால் அன்றோ செலவு? பிள்ளை பேசும் சொற்கள் அனைத்தும் முன்னரே அது கேட்டுச் சேர்த்துவைத்த சொற்களே.

இன்றைய மருத்துவமும் இதையே கூறுகிறது. மொழியைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில்தான் மிகுதி. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும், வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதும் ஒரு வயதை ஒட்டி வந்துவிட வேண்டும். ஒன்றரை வயதில் சில சொற்களும், இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘தாத்தா வா’ போன்ற இரு சொல் தொடர்களும் வர வேண்டும். இவை வராதபோது நாள் கடத்தலாகாது. முன்பு பேசிய சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டாலோ, எந்த வயதாயினும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாமதமாகப் பேசும் பிள்ளைகள் பலர் தாமாகவே தேறிவிடுவதும் உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை தேறும், எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்பதை வீட்டில் இருந்தபடி கணிக்க இயலாது.

முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதை ஆழ்வார்திருநகரி வரலாறு காட்டுகிறது. காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த நம்மாழ்வார், பதினாறு ஆண்டுகள் புளியமரத்தடியில் மோனத்தில் இருந்தார். அவரைத் தேடி வந்த மதுரகவியாழ்வார் எடுத்த எடுப்பில் உபதேசம் கேட்கவில்லை. ஒரு கல்லை எடுத்து அருகே போட்டு, அந்த ஓசைக்கு அவர் கண் திறக்கிறாரா என்று பார்த்தார். அதன் பின்னரே கேள்வி கேட்டார், விடையும் பெற்றார். முதலில் செவி, அதன் பிறகே வாய் என்னும் முறை அதில் அடங்கியிருக்கிறது.

வீட்டில் கையைத் தட்டிப் பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது. கதவு அறையும் ஓசைக்குத் திரும்பும் பிள்ளைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேளாமல் இருக்கலாம். பிள்ளை உறங்கும்போதே செவி நரம்பின் செயலை அளந்தறியும் ‘பெரா’ போன்ற பரிசோதனைகள் உள்ளன. அவற்றால் வலி ஏதும் இல்லை. கேட்கும் திறன் சரியாக இருந்தால் ஆட்டிசம், பொதுவான வளர்ச்சித் தாமதம், நாவையும் உதட்டையும் இயக்குவதில் உள்ள இடர் என மற்றக் காரணங்களை மருத்துவர் ஆராய்வார். வசம்பு உரசித் தடவுவதோ, நாக்கு ஒட்டியிருக்கிறது என்று தாமாக முடிவு கட்டுவதோ இந்தப் பரிசோதனைகளுக்கு ஈடாகா.

இதற்குப் பெரும் பொருள் வேண்டும் என்று அஞ்சவும் தேவையில்லை. மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மொழித் தாமதமும் அத்திட்டத்தில் கண்டறிய வேண்டிய குறைகளுள் ஒன்று. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் உள்ளன.

பேச்சுப் பயிற்சியாளரிடம் பிள்ளை இருப்பது வாரத்தில் ஓரிரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில்தான். அங்கேதான் தாத்தா பாட்டியின் பணி தொடங்குகிறது. பிள்ளையின் முகத்துக்கு நேரே அமர்ந்து, அது பார்க்கும் பொருளைச் சிறு சொல்லால் சொல்ல வேண்டும். பூவைப் பார்த்தால் ‘பூ’; விளக்கைப் பார்த்தால் ‘விளக்கு’. சொன்ன பின் மனத்துக்குள் பத்து வரை எண்ணும் அளவுக்குப் பொறுத்திருக்க வேண்டும். பிள்ளை கண்ணாலோ கையாலோ எதைக் காட்டினாலும் அதையே பதிலாக ஏற்று மகிழ வேண்டும். ‘முருகா என்று சொன்னால்தான் தண்ணீர்’ என்று தாகத்தைப் பணயம் வைப்பது பயிற்சி ஆகாது. கைச்சைகையும் படங்களும் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடும் என்னும் அச்சமும் வேண்டாம். அவை பேச்சுக்குத் துணை நிற்பவையே. தொலைக்காட்சியும் கைப்பேசியும் சொற்களைக் கொட்டும். ஆனால் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்க அவற்றுக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும்.

பெரியோர் செய்யக்கூடிய மற்றோர் உதவி உண்டு. திருமண வீட்டிலும் கோயில் பிராகாரத்திலும், ‘இன்னும் பேச்சு வரவில்லையா? நீ வேலைக்குப் போவதால்தான்’ என்று தாயைக் குறை சொல்லும் வாய்கள் பல. அவள் வேலைக்குப் போவது இதற்குக் காரணம் அன்று. தன்மேல் பழி என்று அஞ்சும் தாய், பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வதையே நிறுத்திவிடுகிறாள். பிள்ளை கேட்கும் சொற்களும் அதனால் குறைந்துபோகின்றன. அத்தகைய நேரத்தில் மாமியார், “மருத்துவரிடம் காட்டி வருகிறோம், நன்றாகக் கவனித்துக்கொள்கிறாள்” என்று ஒரு வார்த்தை சொன்னால், அது அந்தத் தாய்க்கு மலையளவு பலம்.

கூத்தனூருக்கும் திருவெண்காட்டுப் புதன் சந்நிதிக்கும் திருச்செந்தூருக்கும் தாராளமாகப் போகலாம். மேள ஓசைக்கு மிரளும் பிள்ளையாயின் கூட்டமில்லாத வேளையில் செல்வது நலம். பரிசோதனைக்கு நாள் குறித்துவிட்டுப் போனால் வேண்டுதலும் முயற்சியும் ஒன்றாக நடக்கும். முயற்சிக்கும் வழி காட்டுபவன் அவனே அல்லவா?

எத்தனை முயன்றாலும் சில பிள்ளைகளுக்குச் சொல் சிலவே வரும். சிலருக்கு வாராமலும் போகலாம். அந்த வீடுகள் வேண்டுதல் பலிக்காத வீடுகள் அல்ல. கல்லால மரத்தடியில் சொல்லின்றியே சனகாதி முனிவர்களுக்கு ஞானம் உணர்த்தியவர் தட்சிணாமூர்த்தி. வாய்ச்சொல் ஒன்றே மொழி என்று நம் சமயம் என்றும் கொண்டதில்லை. பாட்டியின் முந்தானையைப் பற்றி இழுத்துச் சமையலறைப் பக்கம் கை காட்டும் பிள்ளை பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்பதற்கு வீட்டில் ஒரு செவி இருக்க வேண்டும்.