மருந்து இலவசம்தான், அப்புறம் எதற்கு எச்ஐவி ஆதரவுக் குழு?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் ஒருவர், பக்கத்து கிளினிக்கைத் தாண்டி எச்ஐவி மருந்துக்காக ஈப்போவுக்கு பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் அதிகம், அரைநாள் சம்பளமும் போகும். ஆனால் பக்கத்து கிளினிக்கில் அத்தை உட்கார்ந்திருப்பாரே!

மருத்துவம் எங்கே நிற்கிறது?

மலேசியாவில் முதல் எச்ஐவி தொற்று பதிவானது 1986-ல். 2006 முதல் அரசு மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்துகள் மலேசியர்களுக்கு இலவசம். தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. 2019-ல் வெளிவந்த ‘பார்ட்னர்’ ஆய்வு 782 ஓரினச்சேர்க்கை ஆண் ஜோடிகளைக் கவனித்தது. துணையிடமிருந்து துணைக்குப் பரவியது ஒன்றுகூட இல்லை.

அப்புறம் என்னதான் சிக்கல்?

பேராக்கில் பல ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் லயத்து உறவுகள் தாமான்களிலும் தொடர்கின்றன. கல்யாணம், சாவு என்றால் இந்த உறவுதான் கைகொடுக்கும். அதே உறவில் ரகசியம் தங்காது. தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் சிலர் மருந்தையே நிறுத்திவிடலாம். நிறுத்தினால் கிருமி மறுபடியும் பெருகும். விட்டுவிட்டு எடுத்தால் அந்த மருந்தே வேலை செய்யாமல் போகலாம்.

குழு என்ன செய்யும்?

டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். ‘வீட்டில் எப்படிச் சொல்வது, மாத்திரையை எங்கே வைப்பது, கல்யாணம் பண்ணலாமா’ போன்ற கேள்விகளுக்கு, அதே பாதையில் நடந்தவரின் பதில்தான் மனதில் நிற்கும். ஈப்போவில் ‘பட்டீஸ் ஆஃப் ஈப்போ’ என்ற தொண்டூழியக் குழு எச்ஐவி உள்ளவர்களுக்குத் துணைநிற்கிறது. தமிழர்களுக்கு இது புதிதும் அல்ல. எச்ஐவி உள்ளவர்களே நடத்தும் இந்திய வலையமைப்பு 1997-ல் சென்னையில்தான் தொடங்கியது.

ஆனால் குழு இருந்தால் மட்டும் போதாது. தோட்டத்தில் வளர்ந்த அம்மாவுக்கு இதைத் தமிழில் விளக்க ஆள் வேண்டும். குழு இருக்கும் நகரத்துக்கு வந்துபோக பஸ் காசும் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

சந்தேகம் இருந்தால் அரசு சுகாதார கிளினிக்கில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாராவது உங்களை நம்பிச் சொன்னால், “எப்படி வந்துச்சு?” என்று கேட்காதீர்கள். “மருந்து எடுக்கப் போறப்போ நானும் வரட்டுமா?” என்று கேளுங்கள். விஷயம் உங்களோடு இருக்கட்டும்.