விலை உயர்ந்த சாண்டர்: கூடுதல் காசு யாருக்காக?

மரவேலை செய்பவர்களிடம் தீராத சண்டைகள் சில உண்டு. அதில் ஒன்று சாண்டர் பற்றியது. உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்ப்பதற்குப் பதிலாக மெஷினில் ஒட்டித் தேய்க்கிறோமே, அந்தக் கருவிதான். அமெரிக்காவில் டிவால்ட் கம்பெனியின் 5 அங்குல சாண்டர் நூறு டாலருக்குள் கிடைத்துவிடுகிறது. பின்லாந்துக்காரர்களின் மிர்கா டெரோஸ், ஜெர்மனிக்காரர்களின் ஃபெஸ்டூல் என்று போனால் 6 அங்குல மாடலுக்கு ஐநூறு டாலருக்கு மேல் எண்ணி வைக்க வேண்டும். இரண்டும் செய்வது மரத்தைத் தேய்க்கிற அதே வேலை. அப்புறம் எதற்கு ஐந்து மடங்கு விலை?

"பிராண்டுக்குக் கொடுக்கிற தண்டம்" என்கிறது ஒரு கோஷ்டி. "காசுக்கேற்ற தோசை, பத்து வருஷம் உழைக்கும்" என்கிறது இன்னொரு கோஷ்டி. இந்த இரண்டாவது கோஷ்டியின் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் கடைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். கணக்குக்காக மலிவு மெஷின் 6,000 ரூபாய், உயர்ந்த மெஷின் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மலிவு மெஷின் இரண்டு வருடத்தில் புகைந்து போனால்கூட, அந்த 40,000-க்கு ஆறு மெஷின் வாங்கி மிச்சமும் கையில் இருக்கும். பன்னிரண்டு வருடம் ஓட்டிவிடலாம்! நடுவில் கார்பன் பிரஷ் தேய்ந்தால் எலக்ட்ரிக்கல் கடையில் சொற்பக் காசுக்கு மாற்றிக்கொள்ளலாம். உயர்ந்த மெஷினில் பிரஷ் இல்லாத மோட்டார், தேய்வதற்கு ஒன்றும் இல்லை, வாஸ்தவம். ஆனால் உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு போனால் தெருமுனைக் கடையில் சரி செய்ய முடியாது. ஆக, உழைப்பு என்ற ஒரே காரணத்துக்காக விலை உயர்ந்த சாண்டர் வாங்குவது வரவு செலவு தெரிந்தவர் செய்கிற காரியம் அல்ல.

அடுத்தது ஃபினிஷிங். இந்த மெஷின்களுக்கு ரேண்டம் ஆர்பிட் சாண்டர் என்று பெயர். அடியில் இருக்கும் வட்டத் தட்டு மையம் விலகிப் பொருத்தப்பட்டிருக்கும். அது சின்ன வட்டமாக ஆடிக்கொண்டே தன்னைத் தானே சுற்றவும் செய்யும். இரண்டு அசைவும் கலப்பதால் ஒரே கோட்டில் கீறல் விழாது. 100 டாலர் மெஷினிலும் இதே தத்துவம்தான், 500 டாலர் மெஷினிலும் இதே தத்துவம்தான். 80-ஆம் நம்பர் தாள், பிறகு 120, பிறகு 180 என்று படி தாண்டாமல் பொறுமையாகத் தேய்த்தால் பாலிஷ் ஏறிய பிறகு எந்தக் கதவு எந்த மெஷினில் தேய்த்தது என்று சொல்ல ஆள் கிடையாது. மரத்தில் பன்றிவால் மாதிரி சுருள் சுருளாகக் கீறல் விழுவது பெரும்பாலும் மெஷினைப் போட்டு அமுக்குவதாலும், தாளுக்கும் மரத்துக்கும் நடுவே தூள் சிக்கிக்கொள்வதாலும்தான். இந்தத் தூள் விஷயம் முக்கியம், திரும்ப வரும்.

வேகத்தில் வித்தியாசம் இருக்கிறது. 125 மில்லிமீட்டர் தட்டுக்குப் பதில் 150 என்றால் பரப்பளவு 44 சதவீதம் அதிகம். பாஷ் கம்பெனியின் 125 மி.மீ. மெஷினில் ஆட்டம் 2.5 மில்லிமீட்டர், டெரோஸின் ஒரு மாடலில் 5 மில்லிமீட்டர். ஆட்டம் பெரிதானால் மரம் சீக்கிரம் தேயும். ஆனால் வேகம் யாருக்கு லாபம் என்பது வேலை அளவைப் பொறுத்தது. வீட்டில் ஆசைக்கு ஒரு ஸ்டூல், ஒரு அலமாரி செய்கிறவர் வருடத்துக்கு 20 மணி நேரம் சாண்டர் பிடித்தால் அதிகம். பத்து வருடத்துக்கு 200 மணி நேரம். மேற்சொன்ன கணக்கில் கூடுதல் விலையான 34,000-ஐ வகுத்தால் மணிக்கு 170 ரூபாய் வருகிறது. பாலிஷ் வேலையே பிழைப்பாக இருப்பவர் தினம் 5 மணி நேரம், வருடத்துக்கு 250 நாள் பிடித்தால் நான்கு வருடத்தில் 5,000 மணி நேரம். மணிக்கு 6 ரூபாய 80 காசு. ஒரு டீயைவிடக் குறைவு. மெஷின் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான், ஒருவருக்கு ஆடம்பரம், ஒருவருக்கு டீக்காசு!

இதோடு முடிந்திருந்தால் காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் ஒரு கணக்காகப் போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த 5,000 மணி நேரத்தில் மெஷின் தேய்வது மட்டும்தான் கணக்கில் வருகிறது. மெஷினைப் பிடித்திருக்கும் ஆள் தேய்வது எந்த லெட்ஜரிலும் இல்லை.

இங்கிலாந்தில் ஹை வைகோம்ப் என்று ஒரு ஊர். நாற்காலி செய்வதற்குப் பேர் போனது. 1960-களில் அந்தப் பகுதியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மி ஹாட்ஃபீல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மூக்கின் உட்பகுதியில் வரும் ஒருவகைப் புற்றுநோய் மிகமிக அபூர்வமானது. அது இந்த ஊர் ஃபர்னிச்சர் தொழிலாளர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. அவரும் ஆச்செசன் உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார்கள். பிரிட்டன் பிற்பாடு அதைத் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-ல் மரத்தூளை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் வரிசையில் வைத்தது. ஆஸ்பெஸ்டாஸும் புகையிலைப் புகையும் இருக்கிற வரிசை அது. ஐரோப்பிய யூனியனில் கடின மரத் தூள் ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றிருந்ததை 2023 ஜனவரியிலிருந்து 2 மில்லிகிராம் ஆக்கிவிட்டார்கள்.

அதிர்வுக்கும் அங்கே சட்டம் உண்டு, 2002-ல் வந்தது. 8 மணி நேர வேலை நாளுக்குச் சராசரி 2.5 என்ற அளவை (மீட்டர்/செகண்ட் ஸ்கொயர்) அதிர்வு தொட்டுவிட்டால் முதலாளி நடவடிக்கை எடுத்தாக வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. இதில் ஒரு சூட்சுமம். அதிர்வு பாதியானால் பிடிக்கக்கூடிய நேரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. 5 அளவுக்கு அதிரும் மெஷினை இரண்டு மணி நேரம் பிடித்தாலே அந்த 2.5 வந்துவிடும். 2.5 மட்டும் அதிரும் மெஷினை எட்டு மணி நேரம் பிடிக்கலாம். வருடக்கணக்கில் அதிர்வைத் தாங்கிய கையில் விரல் மரத்துப் போகும், குளிர் பட்டால் நுனி வெளுக்கும். மிர்கா, ஃபெஸ்டூல் வாங்குகிறவர் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. குறைந்த அதிர்வு, ஒரு கிலோவை ஒட்டிய எடை, கைக்கு அடக்கமான உயரம், தூளை நேராகக் குழாய்க்குள் இழுக்கும் அமைப்பு. மரத்துக்கு இதனால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, ஆளுக்குத்தான் எல்லாம்.

சிக்கல் இங்கேதான். மெஷின் வாங்குகிறவர் ஒருவர், பிடிக்கிறவர் இன்னொருவர். தமிழ்நாட்டில் அபார்ட்மெண்ட் கதவு, கப்போர்ட் பாலிஷ் வேலை சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் போகிறது. மெஷின் காண்ட்ராக்டருடையது. துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, ஜன்னல் சாத்திய அறையில் நாள் முழுக்கத் தேய்ப்பவர் தினக்கூலி. காண்ட்ராக்டரின் பார்வையில் 6,000 ரூபாய் மெஷின்தான் சரியான முடிவு, அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. மற்றவர்களும் அதே மெஷினை வைத்துத்தான் ரேட் சொல்கிறார்கள். ஜெர்மனியில் கட்டடத் தொழிலாளர்களின் விபத்துக் காப்பீட்டு அமைப்பான பிஜி பாவ், தூசி உறிஞ்சும் கருவி வாங்கும் கம்பெனிகளுக்குத் தானே உதவித்தொகை தருகிறது. தர்ம சிந்தனை என்று நினைக்க வேண்டாம். தொழிலாளிக்கு நோய் வந்தால் வைத்தியச் செலவு அந்த அமைப்பின் தலையில் விழும். நுரையீரல் அங்கே யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியென்றால் எல்லோரும் டெரோஸ் வாங்க வேண்டுமா? வேண்டாம். கையில் இருக்கிற காசை எந்த வரிசையில் செலவு செய்வது என்பதுதான் கேள்வி, அதில் மெஷினுக்கு மூன்றாவது இடம்.

முதல் செலவு தூசி உறிஞ்சிக்கு. வீட்டு வாக்குவம் க்ளீனர் பெரும்பாலும் இதற்குத் தாங்காது, நுண்தூளில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் எம் வகுப்பு என்று முத்திரை போட்டவை 99.9 சதவீதத் தூளைப் பிடித்தாக வேண்டும் என்பது விதி. பாஷோ மகிட்டாவோ, சாதாரண சாண்டர் எதுவாக இருந்தாலும் பின்னால் குழாய் மாட்ட ஒரு வாய் இருக்கும். அதில் ஒரு நல்ல உறிஞ்சியை மாட்டினாலே காற்றில் பறக்கும் தூள் பெருமளவு அடங்கிவிடும். துணிப்பை மாட்டிய 40,000 ரூபாய் மெஷினைவிட, உறிஞ்சி மாட்டிய 6,000 ரூபாய் மெஷின் மூக்குக்கு எவ்வளவோ மேல். இரண்டாவது செலவு தாளுக்கு. வலை மாதிரி நெய்த தாள் வருகிறது, மிர்காவின் அப்ராநெட் அந்த ரகம். உடம்பெல்லாம் ஓட்டை என்பதால் தூள் எல்லாப் பக்கமும் இழுபடும், தாள் சீக்கிரம் அடைக்காது, சுருள் கீறலும் குறையும். தட்டில் எட்டு ஓட்டையா ஒன்பது ஓட்டையா என்று கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி வைத்து, தங்கள் தாளையே வாங்க வைக்கும் தந்திரமும் இதனிடம் பலிக்காது. (அந்த ஓட்டை அரசியலைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

இந்த இரண்டும் ஆன பிறகு, தினம் மூன்று நான்கு மணி நேரம் ஒரே ஆள் சாண்டர் பிடிக்கிற பட்டறையாக இருந்தால், கைக்காக அந்த உயர்ந்த மெஷின் தாராளமாக வாங்கலாம். மணிக்கு 6 ரூபாய் 80 காசுக்கு அது மலிவு. வாரக் கடைசியில் மட்டும் மரம் தேய்ப்பவர் அந்தக் காசில் நல்ல தேக்குப் பலகை வாங்கிக்கொள்வது உத்தமம்.

காண்ட்ராக்டர் உறிஞ்சி வாங்க மாட்டார் என்றால் வீடு கட்டுகிறவர் கேட்கலாம். ஒரு ஃப்ளாட்டில் 800 சதுர அடி மரப்பரப்பு, சதுர அடிக்கு ஒரே ஒரு ரூபாய் கூடுதல் என்று பேசினால் 800 ரூபாய். 30,000 ரூபாய் உறிஞ்சிக்கு 38 ஃப்ளாட்டில் முதல் திரும்பிவிடும். டைல்ஸுக்கும் கைப்பிடிக்கும் பேரம் பேசி எழுதி வாங்குகிற ஒப்பந்தத் தாளில், "சாண்டிங் வேலை தூசி உறிஞ்சியோடுதான்" என்று ஒரு வரி சேர்க்க இடம் இல்லாமல் போகாது.